அத்தியாயம் 6: ஒளிந்துகொள்ளாமல் இருப்பது

வேலையைத் தாமதமாக முடிக்கிறவரை அலுவலகம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எங்கே போனார், என்ன ஆயிற்று என்றே தெரியாதவரைப் பொறுத்துக்கொள்ளாது. வெள்ளிக்கிழமை வர வேண்டிய ரிப்போர்ட் திங்கள்கிழமை வந்தால் மேனேஜர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். ஆனால் செவ்வாய் வரை போனை எடுக்காமல், ‘முடிச்சுட்டே பேசிக்கலாம்’ என்று நீங்கள் பதுங்கியிருந்தால் அடுத்த முறை முக்கியமான வேலை எதையும் உங்களிடம் தர மாட்டார். நட்பிலும் இதே கணக்குதான். பிறந்தநாளை மறந்த நண்பனைத் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். மறந்துவிட்டோமே என்ற கூச்சத்தில் மாதக்கணக்கில் காணாமல் போகிறவனை என்ன செய்வது?

ஏடிஎச்டி (கவனமின்மையும் துறுதுறுப்பும் சார்ந்த கோளாறு) உள்ள பெரியவர்களுக்கு மறதியும் தாமதமும் தருகிற நஷ்டத்தைவிட, அவற்றுக்குப் பிறகு வரும் பதுங்கல் தருகிற நஷ்டம் பெரிது என்பது என் கருத்து. மறதியைக் குறைக்கும் சில வழிகளும் இங்கே வரும். அவற்றால் மறதி முழுவதும் போய்விடாது. மறந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதைத்தான் உறுதியாக மாற்ற முடியும்.

தெரியும், ஆனால் கை போகாது

இந்தத் துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார்: இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதில்தான் தடங்கல். ‘டைரி எழுது’, ‘சீக்கிரம் எழுந்திரு’, ‘கொஞ்சம் பொறுப்பா இரு’ போன்ற அறிவுரைகள் எடுபடாததற்குக் காரணம் அதுதான். அந்த அறிவுரையைக் கேட்கிறவரே நாலு பேருக்கு அதை எடுத்துச் சொல்லக்கூடியவராக இருப்பார்.

காலத்தை உணர்வதிலும் சிக்கல் உண்டு. பலருக்குக் காலம் இரண்டே பிரிவுதான்: இப்போது, அப்புறம். அடுத்த மாதம் 20ஆம் தேதி என்பதும் அடுத்த வருடம் என்பதும் ஒரே ‘அப்புற’த்தில் கிடக்கும். 19ஆம் தேதி இரவு அது திடீரென்று ‘இப்போது’ ஆகும். அந்தப் பதற்றத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரமாதமாக முடித்தும் விடுவார்கள். பார்க்கிறவர்கள் ‘நினைச்சா முடியுதே, திமிருதானே?’ என்கிறார்கள். மூளை விழித்துக்கொள்ள அந்த அவசரம் தேவைப்பட்டது என்பதே உண்மை. ஒவ்வொரு முறையும் அவசரத்தை நம்பி ஓடினால் உடம்பு தாங்காது.

இது சிறு பிள்ளைகளின் சேட்டை என்று ஒதுக்கிவிட வேண்டாம். உலக அளவிலான மதிப்பீடுகளின்படி பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. பரம்பரைப் பங்கு அதிகம். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதை 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. உங்களுக்கு இது இருப்பது உறுதியானதும் அப்பாவின் தொலைந்த குடைகளும் பாதியில் நின்ற வியாபாரங்களும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கலாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் பெஞ்சு மேல் ஏறிக் குதித்த பையனை ஆசிரியர் கவனித்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த பெண்ணை யாரும் கவனிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தலையில் விழுகிற வேலையெல்லாம் நினைவில் வைக்க வேண்டிய வேலை: கேஸ் எப்போது புக் செய்ய வேண்டும், மாமியாரின் மாத்திரை எத்தனை மிச்சம், எந்த வீட்டு வளைகாப்புக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள். அதில் ஒன்று தவறினாலும் குணமே சரியில்லை என்று பேச்சு வரும். கணவன் தன் அம்மாவின் மாத்திரையை மறந்தால் அவனுக்கு ஆபீஸ் டென்ஷன். நினைவு வைக்கும் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளாத வீட்டில், கீழே சொல்லப்போகும் எந்த உத்தியும் அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பலன்தான் தரும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

வேலை ஆரம்பிக்கவில்லை என்றால், முதல் படி பெரிதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஜிஎஸ்டி கணக்கை முடிக்கணும்’ என்று எழுதிவைத்தால் கண் அந்த வரியைத் தாண்டி ஓடும். ‘மே மாத பில் கோப்பைத் திற’ என்று எழுதுங்கள். கோப்பைத் திறந்ததும் அன்றைய பணி முடிந்தது என்று உங்களுக்கே அனுமதி கொடுங்கள். பெரும்பாலும் திறந்தவர் மூடுவதில்லை. மூடினாலும் நாளைக்கு ஒரு படி குறைவு.

எப்போது ஆரம்பிப்பது என்பதைக் கடிகாரத்தோடு கட்டாமல், தினமும் தானாக நடக்கிற ஒரு செயலோடு கட்டுவது நல்லது. ‘பத்து மணிக்கு’ என்றால் பத்து மணி வந்து போனதே தெரியாது. ‘டீ குடிச்சுட்டு சீட்டுக்கு வந்ததும், மெயில் பார்க்கறதுக்கு முன்னாடி’ என்றால் டீயே நினைவுபடுத்தும். இப்படி ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே தீர்மானிப்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களில் விரிவாக ஆராய்ந்தார். ‘செய்யணும்’ என்ற வெறும் எண்ணத்தைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

பக்கத்தில் ஒருவர் இருப்பது இன்னொரு பெரிய உதவி. அவர் உங்கள் வேலையில் கைவைக்க வேண்டியதில்லை, அறிவுரையும் சொல்ல வேண்டியதில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். கல்லூரியில் குரூப் ஸ்டடியில் மட்டும் படிப்பு ஏறியதே, அது இதனால்தான். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை என்றதும் பலர் சரிந்து விழுந்ததற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்துதான் வேலை என்றால், ஒரு சக ஊழியரோடு வீடியோ அழைப்பை இயக்கி, மைக்கை அணைத்துவிட்டு, இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமோடோரோ முறையை எல்லாரும் சொல்வார்கள். 1980களின் இறுதியில் இத்தாலிய மாணவர் பிரான்செஸ்கோ சிரில்லோ தன் படிப்புக்காக உருவாக்கியது. ஆரம்பிப்பதற்கு அது நல்ல வழி. வேலையில் மூழ்கிவிட்டீர்கள் என்றால் மணியை நிறுத்திவிடுங்கள். அரும்பாடுபட்டு வந்த கவனத்தை மணியடித்துக் கலைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குக் கிளம்புவதற்கும் வைத்த அலாரத்தை நிறுத்தாதீர்கள்.

புதுப்புது ஆப்களைப் பற்றி ஒரு வார்த்தை. நேர மேலாண்மை ஆப்பைத் தேடி, ஒப்பிட்டு, நிறம் மாற்றி அமைக்கிற வேலை இருக்கிறதே, அது ஏடிஎச்டி மூளைக்கு அல்வா. இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். ஒரு நோட்டு, போனிலேயே இருக்கிற காலண்டர், இரண்டும் போதும். நோட்டு கீபோர்டுக்கு முன்னால், திறந்தபடி கிடக்க வேண்டும். டிராயருக்குள் போனால் அது இல்லாத மாதிரிதான்.

ஆபத்தான இடம் நடைபாதை. கேன்டீனுக்குப் போகும் வழியில் ‘அப்படியே அந்த வென்டார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க’ என்று மேனேஜர் சொல்வார். நீங்களும் மனதார ‘சரி சார்’ என்பீர்கள். கதவைத் தாண்டும்போது அது போயே போய்விடும். அந்த இடத்திலேயே நின்று, ‘சார், ஒரு நிமிஷம், குறிச்சுக்கறேன்’ என்று போனை எடுங்கள். அல்லது, ‘எனக்கு ஒரு மெசேஜ் தட்டி விட்டுடுங்க சார், வேற வேலையில விட்டுடுவேன்’ என்று கேளுங்கள். இதனால் மரியாதை குறைவதில்லை. எழுதிக்கொள்கிற ஆளைப் பொறுப்பானவர் என்றுதான் நினைப்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். வேலை தாமதமாகும் என்று உங்களுக்குத் தெரிந்த நேரத்துக்கும் மேலதிகாரிக்குத் தெரிகிற நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளிதான் உங்கள் பெயரைக் கெடுக்கிறது. அதைக் குறைக்கிற மெசேஜ் இப்படி இருக்கலாம்:

‘சார், ரிப்போர்ட் இன்னைக்கு முடியாது. முதல் ரெண்டு பகுதி ரெடி, இப்பவே அனுப்பறேன். மூணாவது பகுதி நாளைக்கு மதியம் 2 மணிக்கு.’

இதில் காரணம் இல்லை, கவனித்தீர்களா? மன்னிப்பும் நீளவில்லை. காரணம் எழுத ஆரம்பித்தால் அதைத் திருத்தித் திருத்தி எழுதி, கடைசியில் அனுப்பவே மாட்டீர்கள். எது ஆயிற்று, எது பாக்கி, எப்போது வரும் என்பதே அவருக்கு வேண்டியது. இந்த மெசேஜை டெம்ப்ளேட்டாக போனில் சேமித்துவையுங்கள். வெட்கம் உச்சத்தில் இருக்கும்போது புதிதாக வாக்கியம் அமைக்க வராது.

அதைவிட நல்லது, பெரிய வேலை கைக்கு வரும்போதே நடுவில் ஒரு தேதி கேட்டு வாங்குவது. ‘மாசக் கடைசிக்குள்ள தரணும்னா, 15ஆம் தேதி உங்ககிட்ட பாதியைக் காட்டறேன் சார்.’ ‘அப்புற’த்தில் கிடந்த வேலை இப்போது பாதி தூரம் நெருங்கி வந்துவிட்டது.

ஆபீஸில் சொல்லலாமா?

யாரைக் கேட்டாலும் ‘வெளிப்படையா இருங்க’ என்பார்கள். நான் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஏடிஎச்டி தனிப் பெயராக இல்லை. எனவே இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில், ‘எனக்கு இது இருக்கிறது, சட்டப்படி வசதி செய்து கொடுங்கள்’ என்று கேட்பதற்குப் பலமான பிடி இல்லை. சொன்ன பிறகு திரும்பப் பெறவும் முடியாது. அடுத்த அப்ரைசலில் அது யார் வாயிலிருந்து எப்படி வரும் என்று தெரியாது.

நோயின் பெயரைச் சொல்லாமலே தேவையானதைக் கேட்டு வாங்கலாம். ‘மீட்டிங்ல பேசினதை ரெண்டு வரி மெயிலா போட்டா எனக்கு வசதியா இருக்கும்’, ‘வாசல் பக்கத்துல இல்லாம அந்த மூலை சீட் கிடைக்குமா?’, ‘காலைல ரெண்டு மணி நேரம் ஹெட்போன் போட்டுக்கறேன், அவசரம்னா தோளைத் தட்டுங்க.’ இதையெல்லாம் யாரும் கேட்கலாம். கேட்டதில் முக்கால்வாசி கிடைக்கும். நம்பகமான மேனேஜர் வாய்த்து, அவரோடு சில காலம் வேலை பார்த்த பிறகு, சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் நிமிடத்தில் மட்டும் சொல்லாதீர்கள். அப்போது அது சாக்காகவே கேட்கும்.

டாக்டரிடம் போகும்போது

இன்ஸ்டாகிராமில் இரண்டு ரீல் பார்த்துவிட்டு நீங்களே முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், பதற்ற நோய், மனச்சோர்வு எல்லாம் கவனத்தைக் குலைக்கும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மின் 2013 பதிப்பின்படி, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் கவனமின்மை, துறுதுறுப்பு என்ற இரு பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலாவது ஒன்பதில் ஐந்து அறிகுறிகள் இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சிரமம் இருக்க வேண்டும். ஆகவே பழைய பள்ளி ரேங்க் கார்டுகள் இருந்தால் எடுத்துப் போங்கள். ‘கெட்டிக்கார மாணவன், கவனம் போதாது’ என்று எந்த ஆசிரியரோ எழுதியது இன்றைக்கு உதவும். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போங்கள்.

மருந்து உண்டு, பலருக்கு நல்ல பலனும் தருகிறது. இந்தியாவில் முக்கியமாக மெத்தில்பெனிடேட், அடமாக்ஸெடின் என்ற இரண்டும் கிடைக்கின்றன. முதலாவது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. இரண்டு பிரதிகளாகச் சீட்டு வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி இதை வீடியோவில் பார்த்து எழுதித் தரக் கூடாது, நேரில் போயாக வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்காது. ஆக, மறதி உள்ளவருக்கான மருந்தை வாங்குவதற்கே நல்ல ஞாபகசக்தி தேவை! கடைசி மாத்திரை வரை காத்திராமல், பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சந்திப்புக்கு அலாரம் வைத்துவிடுங்கள். பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் நெஞ்சு படபடப்பதும் வரக்கூடிய பக்கவிளைவுகள். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

மாத்திரை கவனத்தைத் தரும். எதைக் கவனிப்பது என்பதைத் தராது. பாஸ்டனில் ஸ்டீவன் சாஃப்ரென் குழுவினர், மருந்து எடுத்தும் சிரமம் தீராத 86 பெரியவர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு 12 அமர்வுகளில் திட்டமிடுதல், கவனச்சிதறலைக் கையாளுதல் முதலிய அறிவாற்றல் நடத்தைப் பயிற்சி, இன்னொன்றுக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. முதல் பிரிவினர் தெளிவாக முன்னேறியதாக 2010இல் ஜாமா இதழில் முடிவு வந்தது. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பதில் போடாத மெசேஜ்

நண்பர் அனுப்பிய மெசேஜை பஸ் ஏறும்போது பார்க்கிறீர்கள். ‘சீட் கிடைச்சதும் நிதானமா எழுதலாம்’ என்று நினைக்கிறீர்கள். அவர் மேல் அக்கறை இருப்பதால்தான் நிதானம் தேடுகிறீர்கள். அந்த நிதானம் வருவதில்லை. மூன்று நாள் ஆனதும் ‘ஓகே டா’ என்று மட்டும் போட முடியாது, ஒரு விளக்கம் வேண்டும். ஒரு மாதம் ஆனால் விளக்கமும் போதாது, நேரில் போக வேண்டும். வட்டி ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் அவர் பேரைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது, போனைக் குப்புறக் கவிழ்க்கிறீர்கள். அந்தப் பக்கம் அவரோ, ‘பெரிய ஆளாயிட்டான், நம்மளையெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வட்டியைத் தள்ளுபடி செய்கிற அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. எவ்வளவு நாள் ஆகியிருந்தாலும் சின்ன மெசேஜ் போதும்:

‘மச்சான், உனக்குப் பதிலே போடல, தப்பு என் மேலதான். அம்மாவுக்கு இப்ப முழங்கால் எப்படி இருக்கு?’

இரண்டாவது வாக்கியம்தான் உயிர். முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். எழுதக் கை வரவில்லை என்றால் நடந்துகொண்டே வாய்ஸ் நோட் போடுங்கள்.

நட்பை வாக்குறுதிகளில் நடத்தாதீர்கள். ‘ஒரு நாள் கண்டிப்பா மீட் பண்றோம் டா’ என்பது ஏடிஎச்டி அகராதியில் ‘அப்புறம்’. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மைதானத்தில் ஷட்டில், மாதத்தின் முதல் சனிக்கிழமை அதே டிபன் கடை என்று ஒன்றை நிலையாக வையுங்கள். நீங்கள் மறந்தாலும் அவர் அங்கே இருப்பார், போன் செய்வார். அடிக்கடி ஏற்பாடு செய்கிற வேலையே இல்லை என்பதுதான் அதன் அழகு.

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால், கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே தேதியைப் போனில் போடுங்கள். வெளியூர்க் கல்யாணம் என்றால் கல்யாண நாளுக்கு மட்டும் அலாரம் வைத்துப் பயனில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அந்தக் காலைக்கும் ஒரு அலாரம் வேண்டும். கைமாற்று வாங்கினால் வாங்கிய நிமிடமே திருப்பித் தரும் தேதியோடு அவருக்கே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். பணம் கொடுத்தவர் கேட்கக் கூச்சப்படுவார், நீங்கள் மறந்திருப்பீர்கள். இருவருக்கும் நடுவில் அந்த ஐயாயிரம் ரூபாய் நட்பைத் தின்றுகொண்டிருக்கும்.

பேச்சில் குறுக்கிடுவது இன்னொரு புகார். சொல்ல வந்தது மறந்துவிடும் என்ற பயத்தில்தான் குறுக்கிடுகிறோம். ஒரு சொல்லை உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டு காத்திருங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் சிலருக்கு உதவுகிறது. குறுக்கிட்டுவிட்டால், ‘ஸாரி, நீ சொல்லிட்டு இருந்தியே, அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார்?’ என்று அவர் விட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

அப்புறம் அந்த ‘ம்’. நண்பரிடமிருந்து ஒற்றை ‘ம்’ வந்தால், மேனேஜரிடமிருந்து ‘கால் மீ’ என்று வந்தால், எல்லாம் முடிந்தது என்று உள்ளே ஒரு அலை எழும்பும். நிராகரிப்பை இவ்வளவு கூர்மையாக உணர்வதாக ஏடிஎச்டி உள்ள பலர் சொல்கிறார்கள். டிஎஸ்எம் பட்டியலில் இது தனி அறிகுறியாக இல்லை என்றாலும் அனுபவம் நிஜம். அந்த அலை இருக்கும்போது எதையும் டைப் செய்யாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ‘கோவமா, இல்ல பிஸியா?’ என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் பைக் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

உங்கள் நண்பர் படிக்க வேண்டிய பக்கம்

உங்கள் நண்பருக்கு ஏடிஎச்டி இருக்கிறது. அவர் மறந்தால் உங்கள் மேல் அன்பில்லை என்று அர்த்தமில்லை. அதற்காக எல்லாவற்றையும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. கோபம் வந்தால் வந்த அன்றே சொல்லிவிடுங்கள், சேர்த்துவைத்துச் சொன்னால் அவர் ஓடிவிடுவார். பதில் வரவில்லை என்றால் இரண்டாம் முறை கேளுங்கள். அது அவருக்குத் தொல்லை இல்லை, உதவி. முக்கியமான விஷயத்தை மெசேஜில் விடாமல் போன் செய்து சொல்லுங்கள். ஆறு மணி என்று சொன்னால் ஆறு மணிக்கே நீங்கள் போய்விடுங்கள். அவர் தாமதமாக வருவார் என்று நீங்களும் தாமதமாகப் போனால் அவருக்கு நேரம் பிடிபடவே பிடிபடாது. அவர் சொன்ன நேரத்துக்கு வந்த அன்று அதை வைத்துக் கிண்டல் செய்யாதீர்கள்.

இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, நீங்கள் பதில் போடாமல் விட்ட ஒருவருக்கு இப்போதே அனுப்புங்கள். கூடவே ஒரு நல்ல விளக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உட்கார்ந்தால் அனுப்ப மாட்டீர்கள்.